நூல் பிடித்தல்

மரத்தின் வளைவைத் தச்சன் நூல் தீர்ப்பதுபோல மனத்தின் வளைவைக் கற்கும் நூல் தீர்க்கும் என்பார் நன்னூலார். வகுப்பில் இதனை நடத்தும்போது மாணவர் உவமை என்று குறித்துக்கொள்வர். கட்டடம் எழும் இடத்திலோ அது அன்றாடத் தொழிற்சொல்.

நமது வீட்டில் மாடி எடுத்தபோது, தொழிலுக்குப் புதிதாய் வந்த இளைஞர் ஒருவரை மேஸ்திரி பழக்கியதை அருகிருந்து கேட்டோம். செங்கல் வரிசை நேராக அமைய இழுத்துக் கட்டுவது நூல். சுவரின் செங்குத்தைக் காட்டுவது தூக்குக்குண்டு; கிடைமட்டத்தைக் காட்டுவது ரசமட்டம்; பூச்சைத் தேய்த்துச் சமன் செய்வது மணியாசுக்கட்டை. அடித்தளத்துக்குத் தோண்டும் பள்ளத்துக்குப் பெயர் வானம்!

கம்பி வேலைக்கு வந்ததும் நூல் அளவாகிவிடுகிறது. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். வரைபடத்தில் 8, 10, 12, 16 மில்லிமீட்டர் என்றிருக்கும் கம்பிகள், மேஸ்திரி வாக்கில் ஏறத்தாழ இரண்டரை, மூன்று, நான்கு, ஐந்து நூல்.

“அண்ணே, படத்துல பத்துன்னு இருக்கு, நீங்க மூணுங்கறீங்களே?” என்றார் இளைஞர்.

“ரெண்டும் ஒண்ணுதான் தம்பி. அரை நூல் கொறச்சு எடுத்துறாத.”

அரை நூல் சிறிதன்று. 10 மில்லிமீட்டர் கம்பிக்கு மாற்றாக 8 மில்லிமீட்டர் கம்பியை வைத்தால் விட்டம் ஐந்தில் ஒரு பங்கே குறையும்; குறுக்குவெட்டுப் பரப்போ 64 விழுக்காடாகச் சுருங்கிவிடும். இழுவிசையைத் தாங்குவது அப்பரப்பே. மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான வலிமை போய்விடும். கான்கிரீட் மூடியபின் குறை கண்ணுக்கும் புலப்படாது.

ஆகவே, தொடக்கநிலைத் தொழிற்பாட நூல்களில் மில்லிமீட்டருக்கு அருகிலேயே நூல் கணக்கும், வரைபடச் சொல்லுக்கு அருகிலேயே கொத்தனார் சொல்லும் இடம்பெற வேண்டும் என்போம். இவற்றைப் புதிதாகப் படைக்க வேண்டியதில்லை. சாரத்தின் கீழ் நின்று கேட்டு எழுதினால் போதும்.

நெடுநல்வாடையில், கோல் நட்டு நிழலால் திசையறிந்து, கயிறிட்டு அரண்மனைக்கு நிலம் வகுப்போரை நக்கீரர் ‘புலவர்’ என்றே அழைக்கிறார். அவர் தம் வழிவந்தோர் நாவில் இன்றும் வழங்கும் சொற்களை, அன்பர்கள் தத்தம் ஊரில் கேட்டுத் தொகுப்பார்களாயின் அது தமிழுக்கும் தொழிலுக்கும் ஒருங்கே ஆற்றும் பணியாகும்.