அரை மணி நேரமா, நாலு நிமிஷமா?

தைப்பூசத்தன்று விடிவதற்கு முன்பே சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில் வாசலில் நின்றேன். அங்கிருந்து காவடிகளின் பின்னாலேயே டாங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை நடை. கேமராவின் 64 ஜிபி கார்டு நிறைந்துவிட்டது. வீட்டில் பழைய கார்டு ரீடரில் செருகினால், படங்கள் கணினியில் இறங்க அரை மணி நேரம்! கால்வலியைவிட அதுதான் வலித்தது.

கார்டு மேல் தப்பில்லை. ரீடர் யுஎஸ்பி 2.0, விநாடிக்கு 35 எம்பி எட்டினாலே அதிகம். என் கார்டைத் திருப்பிப் பார்த்தால் இரண்டு வரிசை தங்க நிறப் பட்டைகள். அது யுஎச்எஸ்-2, விநாடிக்கு 312 எம்பி வரை போகும் ரகம். யுஎச்எஸ்-1 ரீடரில் அந்த இரண்டாவது வரிசை சும்மா கிடக்கும். வேகம் பெரும்பாலும் 104-க்குள் நின்றுவிடும்.

அடுத்த நாள் புது ரீடர் வாங்க சிம் லிம் ஸ்கொயருக்கு நடந்தேன். டப்பாவில் “யுஎஸ்பி 3.0” என்று மட்டும் இருந்தால் போதாது, “யுஎச்எஸ்-2” என்றும் இருக்க வேண்டும். கடைக்காரர் நீட்டிய முதல் மூன்றிலும் அது இல்லை. நான்காவதை வாங்கினேன். லேப்டாப்பின் நீல நிற யுஎஸ்பி துளையில்தான் செருகினேன் (கறுப்பு பெரும்பாலும் பழைய 2.0). நாலு நிமிஷத்துக்குச் சற்று மேல். தேநீர் கொதிப்பதற்குள் முடிந்துவிட்டது.

ஒரு கார்டு போட்டோவுக்கு இவ்வளவு அலட்டலா என்கிறாள் மனைவி. தீபாவளிச் சந்தைக்கு இரண்டு கார்டு கொண்டுபோகப் போகிறேன், இன்னும் சொல்லவில்லை.