கைநாட்டும் கையொப்பமும்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட பழமொழி. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதனைத் தமிழ்ப்பள்ளிக் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் நான். மாணவர்க்குக் கணிதமும் கற்பித்தவன். ஆயினும் என் சொந்தக் கணக்கை நான் அளந்து வைக்கவில்லை என்பதை வருமான வரி அலுவலகத்திலிருந்து வந்த ஒரு கடிதமே எனக்கு உணர்த்தியது.

குளுவாங் வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தவன் நான். என் தந்தையார் பால்மரம் சீவிப் பிழைத்த தொழிலாளி, எழுத்தறியாதவர். எந்தத் தாள் வந்தாலும் தோட்டத்துக் கிராணியாரிடமே எடுத்துச் செல்வார். கிராணியார் எழுதுவார், தந்தையார் பெருவிரலை மையில் தோய்த்துக் கைநாட்டு வைப்பார். தாளில் என்ன எழுதப்பட்டது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. வாசலில் நின்று அதைப் பார்த்த சிறுவனாகிய நான், 'படித்து முன்னேறியபின் என் தாள்களை நானே எழுதுவேன். பிறர் கையை எதிர்பாரேன்' என்று உறுதி பூண்டேன்.

ஆசிரியப் பணியில் இருந்த காலம் முழுவதும் அவ்வுறுதியைக் காத்தேன். முன்பெல்லாம் நாம் படிவத்தை நிரப்பி அனுப்புவோம். வரி எவ்வளவு என்று அலுவலகமே கணித்து அறிவிக்கும். 2004-ஆம் ஆண்டு முதல் தனிமனிதர்க்கும் சுயக் கணிப்பு முறை வந்தது. கணிக்கும் வேலையோடு, பிழை நேர்ந்தால் அதற்குரிய பொறுப்பும் நம் தோளுக்கு மாறியது. அம்மாற்றத்தின் கனம் அன்று எனக்குத் தெரியவில்லை. ஒரே சம்பளம், மாதந்தோறும் பிடித்தம், ஆண்டிறுதியில் சில ரசீதுகள். அதற்கு வல்லுநர் ஒருவர் எதற்கு?

2011-ஆம் ஆண்டு ஓய்வு பெற்றேன். வீட்டில் சும்மாயிருக்க மனம் ஒப்பவில்லை. சிறியதொரு புத்தகக் கடையைத் திறந்து, அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்கு நூல்களும் எழுதுபொருள்களும் விற்கத் தொடங்கினேன். கடைக்காரன் ஆன பின்னும் சம்பளக்காரனின் பழக்கம் என்னை விட்டு அகலவில்லை. வாணிகம் செய்வோர் ஜூன் 30-க்குள் அனுப்ப வேண்டிய 'பி' படிவத்தை விடுத்து, வாணிகம் இல்லாதோர்க்குரிய 'பி.இ.' படிவத்தையே ஏப்ரல் மாதத்தில் அனுப்பி வந்தேன். சின்னக் கடைதானே என்பது என் நினைப்பு. கடைப் பணமும் வீட்டுப் பணமும் ஒரே வங்கிக் கணக்கில் கிடந்தன. சிங்கப்பூரில் தாதியாகப் பணிபுரியும் மகள் மாதந்தோறும் அனுப்பிய தொகையும், கூட்டுறவுச் சங்கத்தில் நான் பெற்ற கடனும் அதிலேயே கலந்தன. ரசீதுகளோ பிஸ்கட் டின்னில். ஏழாண்டுக் காலம் அவற்றைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது சட்டம். டின் நிரம்பியதும் பழையவற்றை எரிப்பது என் வழக்கம்.

2017-ஆம் ஆண்டு அக்கடிதம் வந்தது. மூன்றாண்டு வங்கிக் கணக்கையும் வரவு செலவுச் சான்றுகளையும் கேட்டிருந்தார்கள். "யாராவது தெரிந்தவரிடம் கேளுங்களேன்" என்றாள் என் மனைவி. நான் கேட்கவில்லை. நல்ல மலாய் மொழியில், பணிவான நடையில், நானே மறுமொழி எழுதினேன். இல்லாத ரசீதுகளுக்கு ஈடாக நினைவிலிருந்து தொகைகளை எழுதினேன். பொய் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. கணக்கு முழுமையாகத் தோன்ற வேண்டும் என்ற எண்ணமே இருந்தது. ஆனால், நான் எழுதிய தொகைகள் வங்கிக் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. முன்பு நான் செய்த தவறுகளைவிட அந்த மறுமொழியே எனக்குப் பெருங்கேடாய் முடிந்தது. கணக்கில் விழுந்த பணம் பெரும்பாலும் கடை வருமானமாகவே கொள்ளப்பட்டு, கூடுதல் வரியும் தண்டமும் விதித்த அறிவிப்பு வந்து சேர்ந்தது. மகள் இரவுப் பணி பார்த்து அனுப்பிய பணமும் அதில் அடங்கும். அன்றிரவு எனக்கு உறக்கமில்லை.

காப்பிக் கடையில் நண்பர் ஒருவர், குறைந்த கூலிக்கு 'எல்லாவற்றையும் சரிக்கட்டித் தரும்' ஆள் ஒருவரைப் பற்றிச் சொன்னார். அந்த ஆளிடம் உரிமம் உண்டா என்று கேட்டேன், நண்பர் சிரித்தார். வருமான வரிச் சட்டத்தின் 153-ஆம் பிரிவின்படி, பிறருக்காக வரி முகவராகச் செயல்பட நிதி அமைச்சின் அங்கீகாரம் வேண்டும். அதுவரையில் நான் அறிந்திருந்தேன். எனவே அங்கீகாரம் பெற்ற சீன அம்மையார் ஒருவரை நாடிச் சென்றேன். அறிவிப்புக் கிடைத்து அன்றோடு 19 நாள் ஆகியிருந்தது.

அவர் என் பிஸ்கட் டின்னைக் கண்டு முகம் சுளிக்கவில்லை. முதலில் அறிவிப்பின் தேதியைத்தான் பார்த்தார். மேல்முறையீடு செய்ய 30 நாளே உண்டு என்றும், அது நடக்கும்போதும் விதித்த வரியைச் செலுத்தும் கடமை நின்றுவிடாது என்றும் விளக்கினார். பிறகு வங்கிக் கணக்கின் ஒவ்வொரு வரியையும் எடுத்து மூன்றாகப் பிரித்தார்: மகள் அனுப்பியது, கடனாக வந்தது, கடையில் விற்றது. முதல் இரண்டுக்கும் சிங்கப்பூர் வங்கியிலிருந்தும் கூட்டுறவுச் சங்கத்திலிருந்தும் சான்றுகள் வரவழைத்தார்.

மூன்றாவது குவியலில் என் வெட்கம் இருந்தது. நான் அறிவிக்காத இலாபம் அதில் உண்மையாகவே இருந்தது. தயங்கித் தயங்கி, "இதை விட்டுவிட இயலாதா?" என்று கேட்டேன். ஆசிரியரை விளிக்கும் மலாய்ச் சொல்லால் என்னை மரியாதையோடு அழைத்து அவர் சொன்னார்: "இயலாது. வருமானம் அல்லாததை நீக்க உங்களுக்காக வாதாடுவேன். வருமானத்தை மறைக்கத் துணை நிற்க மாட்டேன்." வகுப்பில் விடைத்தாளைத் திருத்திய கை அன்று மேசையின் கீழ் நடுங்கியது.

முடிவில் மகளின் பணமும் கடனும் நீக்கப்பட்டன. உண்மையான இலாபத்துக்கு வரியும் தண்டமும் தவணை முறையில் செலுத்தினேன். அம்மையாருக்குக் கொடுத்த ஊதியம் நான் கட்டிய தண்டத்தைவிடக் குறைவு. கடையைத் திறந்த அன்றே அவரிடம் சென்றிருந்தால் தண்டமே இருந்திராது.

எப்போது வல்லுநரை நாடலாம் என்று இப்போது நண்பர்கள் என்னைக் கேட்கிறார்கள். ஒரே இடத்துச் சம்பளமும், முதலாளி தரும் ஆண்டு வருமானச் சான்றும், கையில் ரசீதுகளும் இருந்தால் நீங்களே செய்யுங்கள். வீண் செலவு வேண்டா. தொழில் தொடங்கும்போதும், நிலமோ வீடோ விற்கும்போதும் முன்கூட்டியே செல்லுங்கள். அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால், மறுமொழி எழுதுவதற்கு முன் செல்லுங்கள்.

ஜொகூர் மக்களாகிய நமக்கு இன்னுமொன்று உண்டு. 1924-இல் திறக்கப்பட்ட பாலத்தைக் கடந்து நம் பிள்ளைகள் நாள்தோறும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பாலம் வெறிச்சோடியபோது, பலர் ஜொகூர் வீட்டிலிருந்தே சிங்கப்பூர் வேலையைச் செய்தனர். சம்பளம் எந்நாட்டிலிருந்து வருகிறது என்பதைவிட, வேலை எந்த மண்ணில் நடக்கிறது என்பதையே வரிச் சட்டம் முதலில் பார்க்கிறது. 2022 முதல் அயல்நாட்டிலிருந்து கொண்டுவரும் வருமானம் பற்றிய விதியும் மாறியது. தனிமனிதர்க்குள்ள விலக்கு நிபந்தனைகளுக்கு உட்பட்டது. இரு நாட்டுக் கணக்கைக் காப்பிக் கடை வார்த்தையை நம்பி முடிக்க வேண்டா.

இப்போதும் ஆண்டுதோறும் அந்த அம்மையாரே என் படிவத்தை ஆயத்தம் செய்கிறார். அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு வரியையும் நான் படிக்கிறேன், விளங்காததைக் கேட்கிறேன். அவர் எழுதினாலும் பொறுப்பு என்னுடையதே. தந்தையார் படிக்க இயலாமல் கைநாட்டு வைத்தார். நான் படிக்கத் தெரிந்தும் பிறரைக் கேட்க நாணினேன். பிறர் துணையை நாடுவதில் இழிவில்லை என்பதை அறுபதைக் கடந்த பின்னரே கற்றேன்.