மூன்று நிமிடம் இருபது நொடி

நெய்வேலி ஆர்ச் கேட்டுக்கு வெளியே, வடக்குத்தில், மாடியில் குடியிருப்பவன் நான். கீழே வீட்டுக்காரர். சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத எந்திரங்களோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட வேண்டும். டவுன்ஷிப்பிலிருந்து அவர் ஏற்றிவந்த சாமான்களில், பீரோவின் அடித்தட்டில் பழைய துண்டைச் சுற்றிக்கொண்டு கிடந்தது ஒரு புரொஜெக்டர்.

“தம்பி, ஏழு மணிக்குக் கீழ வாங்க. படம் போடறேன்.”

போனேன். மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொடுத்தார்கள். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

திரை, ஒரு வெள்ளை வேட்டி. வீட்டுக்காரப் பாட்டி காலையிலேயே கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறார். ஜன்னல் கம்பியில் துணிக் கிளிப் மாட்டி, மடிப்பு விழாமல் இழுத்துக் கட்டினார்கள். புரொஜெக்டரின் பெல்ட் எப்போதோ இற்றுப்போய்விட்டது. மோட்டார் பம்ப் ரிப்பேர் கடையில் ஓர் ஓ-ரிங் வாங்கி அந்த இடத்தில் மாட்டியிருந்தார் பெரியவர். தகர டப்பாவைத் திறந்ததும் காடி வாசம் குப்பென்று வந்தது.

“ஊறுகா டப்பாவா தாத்தா?” என்றாள் பேத்தி. சென்னையில் படிக்கிறவள். விடுமுறைக்கு வந்திருக்கிறாள்.

“ஃபிலிம் சாகற வாசனை” என்றார் அவர்.

உண்மைதான். இந்தச் சுருள்களின் அடிப்பொருள் அசிடேட். வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் அது சிதையும். சிதையும்போது வருவது வினிகரின் அமிலம். அந்த அமிலமே சிதைவை இன்னும் விரட்டும். கடலூர் மாவட்டத்து வெயிலில் இத்தனை ஆண்டு தாக்குப்பிடித்ததே பெரிது.

சூப்பர் 8 என்று பெயர். 1965-இல் கோடாக் கொண்டுவந்தது. ஒரு சுருள் 50 அடி. அடிக்கு 72 கட்டம். நொடிக்கு 18 கட்டம் ஓடினால் மொத்தம் மூன்று நிமிடம் இருபது நொடி. பேத்தி மனக்கணக்குப் போட்டாள்.

“3,600 படமா! என் ரோல்ல 36தான் தாத்தா.”

அவள் கழுத்தில் ஒரு பழைய 35 மில்லிமீட்டர் கேமரா தொங்குகிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது.

“என்கிட்ட இருந்த கிளிக் த்ரீல 12தான். அக்ஃபா. ஊட்டி ஃபிலிம் போடுவேன், இந்து. அதுவும் சர்க்கார் கம்பெனி, இதுவும் சர்க்கார் கம்பெனி. நாங்க கரி தோண்டினோம், அவங்க ஃபிலிம் போட்டாங்க.”

நெய்வேலி நிறுவனம் 1956-இல் வந்தது. ஊட்டி இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1960-இல் வந்தது. இது இன்னும் தோண்டிக்கொண்டிருக்கிறது. அது நின்றுபோயிற்று.

“அவ ஒரு ரோல் வாங்கற காசுக்குப் பத்து நாள் காய் வாங்கலாம்” என்றார் பாட்டி, யாரையும் பார்க்காமல்.

விளக்கை அணைத்தார்கள். மோட்டார் கரகரவென்று ஓடியது. வேட்டியில் முதலில் வெறும் வெளிச்சம், பிறகு மழைக்கோடு, பிறகு ஒரு குவார்ட்டர்ஸ் வாசல். மாமரம். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கும் ஓர் இளம்பெண். கேமராவைக் கண்டதும் முறத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். அரிசி சிதறியது.

“நானா அது?” என்றார் பாட்டி.

படம் ஊமை. பேச்செல்லாம் கூடத்தில். “அந்தப் பொடவ உங்க அண்ணி எடுத்துக் கொடுத்தது.” “இல்ல, தீபாவளிக்கு நான் எடுத்தது.” மூன்று சக்கர சைக்கிளில் ஒரு பையன் நேராகக் கேமராவை இடிக்க வருகிறான். அந்தப் பையன் இப்போது தலை வழுக்கையாகி என் பக்கத்தில் உட்கார்ந்து, செல்போனைத் தூக்கிப் பிடித்து வேட்டியைப் படமெடுத்துக்கொண்டிருக்கிறார். போன் திரையில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடுகின்றன. நாலு முறை முயன்று போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டார்.

வில்லுடையான்பட்டு முருகன் கோவில். பங்குனி உத்திரம். காவடிகள். அந்தச் சிவப்பு மட்டும் நேற்றுச் சாயம் போட்டதுபோல இருக்கிறது. கோடாக்குரோம். சாதாரண டார்க் ரூமில் அதைக் கழுவ முடியாது.

“ஜெர்மனிக்கு ட்ரெயினிங் போனப்ப வாங்கின கேமரா. எடுத்த சுருளத் தபால்ல அனுப்பி, ரெண்டு மாசம் காத்துக் கெடந்தேன்.”

இன்று அனுப்பவும் இடமில்லை. உலகத்திலேயே கடைசியாக அதைக் கழுவிக்கொண்டிருந்த அமெரிக்காவின் கான்சாஸ் கடை, 2010 டிசம்பர் 30-க்குப் பின் புதிய சுருள்களை வாங்குவதை நிறுத்தியது.

அடுத்து, புகைபோக்கிகள். சோவியத் உதவியோடு கட்டி, 1962-இல் மின்சாரம் கொடுக்கத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம். புகை சாய்ந்து போகிறது. 2020-இல் அதை மூடிவிட்டார்கள். கூடத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை. மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு அந்த ஆள் வந்தார்.

சைக்கிள், இரண்டு பக்கமும் கேன், தலையில் முண்டாசு. கேமராவைப் பார்த்ததும் சைக்கிளை நிறுத்தி, முண்டாசை அவிழ்த்துத் தோளில் போட்டு, விறைத்து நின்றுவிட்டார். ஃபோட்டோ என்று நினைத்துக்கொண்டார். வேட்டி நுனி காற்றில் ஆடுகிறது. கண் இமைக்கிறது. வேறொன்றும் அசையவில்லை.

“அசைங்க, அசைங்கன்னு கத்தறேன். மூச்சப் புடிச்சிக்கிட்டு நிக்கறாரு மனுசன்!” பெரியவர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். எட்டு நொடியாவது இருக்கும். 144 கட்டம், அசையாத ஒரு மனிதருக்குச் செலவாகியிருக்கிறது.

வெளிச்சம். சுருளின் வால் படபடவென்று அடித்துக்கொண்டது. முடிந்துவிட்டது.

“இன்னொரு தரம்” என்றாள் பேத்தி. இன்னொரு தரம் போட்டார். அசையாத ஆள் வந்ததும் கேட்டாள்: “யாரு தாத்தா இவரு?”

பெரியவருக்குச் சட்டென்று வரவில்லை. மகனுக்குத் தெரியவில்லை.

“பால்காரரு” என்றார் பாட்டி. “தெனம் அஞ்சு மணிக்கு வந்துடுவாரு. அவரு ஊரு இப்ப ஏது? ரெண்டாவது சுரங்கத்துக்கு எடுத்துட்டாங்களே.”

“பேரு என்ன பாட்டி?”

பாட்டி வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். “பால்காரருன்னுதான் கூப்புடுவோம்.”

பழைய முகங்களைக் காப்பாற்றுபவர்களும் உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பழைய ஃபோட்டோ ஸ்டூடியோப் படங்களைத் தேடித் திரட்டி, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு டிஜிட்டலாக்கி வைத்திருக்கிறார்கள். எண்ணாக மாற்றிவிட்டால் முகம் தப்பித்துக்கொள்ளும். பெயர் அப்படித் தப்பாது. அதைச் சொல்ல ஓர் ஆள் உயிரோடு இருக்க வேண்டும்.

விளக்கைப் போட்டார்கள். பேத்தி கேமராவைக் கண்ணில் வைத்தாள். எதிரே பாட்டி. கை தானாக முந்தானைக்குப் போயிற்று, பாதி முகம் மறைந்தது. பேத்தி அவசரப்படவில்லை. லென்ஸ் வளையத்தை இங்கேயும் அங்கேயும் திருகினாள். முந்தானை மெல்ல இறங்கியது.

“லைட்டு கம்மி. அசையாத!” என்றார் பெரியவர், மனைவியிடம்.

ஒரே ஒரு கிளிக். எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க யாரும் ஓடிவரவில்லை. பார்க்க அதில் ஒன்றும் இல்லை. சுருள் தீர்ந்து, சென்னைக்குப் போய்க் கழுவி வரவேண்டும். எண் காட்டும் சின்னக் கண்ணாடியில் 11 போய் 12 வந்தது.

மகன் புரொஜெக்டரைத் துண்டில் சுற்றினார். பாட்டி வேட்டியை மடித்தார். பேத்தி ஒரு பென்சிலை எடுத்து, தகர டப்பாவுக்குள் வைக்கும் அட்டையில், பாட்டி சொல்லச் சொல்ல எழுதினாள். மாடிப்படி ஏறுமுன் எட்டிப் பார்த்தேன்:

‘1979, பங்குனி. முறத்தோடு இருப்பது பாட்டி. சைக்கிளோடு நிற்பவர் பால்காரர். அவர் ஊர் இப்போது சுரங்கம்.’