சொட்டுச் சொட்டாக ஊர் மாறும் இறால்

பெங்களூர் தொம்மலூர் மேம்பாலத்தின் இரைச்சலைத் தாண்டி ஒரு சந்துக்குள் திரும்பினால், மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது அந்த அறை. பத்தடிக்கு எட்டடி இருக்கும். இரும்பு ஸ்டாண்டில் மூன்று அடுக்காகக் கண்ணாடித் தொட்டிகள். ஒன்றில்கூட மீன் கிடையாது. எல்லாம் அலங்கார இறால்கள். வளர்ந்து முடிந்தாலும் பெரும்பாலும் 3 சென்டிமீட்டரைத் தாண்டாத நன்னீர் உயிர்கள். நான் போனபோது, தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் தம்பி தரையில் சம்மணமிட்டு, மெல்லிய ஏர் டியூப்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

“சொட்டு விடுறேண்ணா. ரெண்டு மணி நேரம் ஆகும், உக்காருங்க.”

வெளியூரிலிருந்து பார்சலில் வந்த செர்ரி இறால்கள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கிடந்தன. தொட்டித் தண்ணீர் டியூப் வழியாக நொடிக்கு இரண்டு சொட்டாக அதில் விழுந்தது. முடிச்சை இறுக்கினால் சொட்டு குறையும், தளர்த்தினால் கூடும். அவை வந்த தண்ணீரும் இங்குள்ள தண்ணீரும் சூட்டிலும், அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவிலும், தாதுவிலும் வேறு வேறு. அப்படியே தூக்கிக் கொட்டினால் அன்றைக்கு நன்றாகத்தான் நீந்தும். சில நாள் கழித்து ஓடு உரிக்கிற சமயத்தில் தலைக்கும் உடம்புக்கும் நடுவே வெள்ளை வளையம் விழுந்து, உரிக்க முடியாமல் செத்துப்போகும்.

அறைக்கு வெளியே இரண்டு டிரம். ஒன்றில் காவிரி, இன்னொன்றில் போர்வெல் தண்ணீர். “போர்ல சோப்பு போட்டா நுரையே வராது. செர்ரி கொஞ்சம் தாங்கும், கிரிஸ்டல் தாங்காது” என்றார். காவிரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏற்றி வரப்படுவது. குளோரின் போகட்டும் என்று ஒருநாள் முழுக்கத் திறந்து வைக்கிறார். இதே தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஏரியோடு சேர்ந்த கொடையைப் பற்றிய செய்தியும் அவற்றில் உண்டு. அந்தக் காலத்தில் இங்கே தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது.

செர்ரிக்கு பி.எச். 6.5 முதல் 8 வரை இருக்கலாம், 22 முதல் 25 டிகிரி சுகம். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட கிரிஸ்டல் இறாலுக்கு 6க்கும் 6.8க்கும் நடுவே, 20 முதல் 23 டிகிரிக்குள் வேண்டும். அதற்கு ஆர்.ஓ. இயந்திரம் தாதுவை நீக்கித் தரும் தண்ணீரில் தாது உப்பை அளந்து கலந்து, பி.எச்.சைத் தாழ்த்திப் பிடிக்கும் மண்ணைத் தொட்டியின் அடியில் பரப்புகிறார். பி.எச். எண்ணில் ஒன்று கூடுவதென்றால் அமிலத்தன்மை பத்து மடங்கு குறைகிறது. கழிவிலிருந்து வரும் அமோனியாவும் அதோடு சேர்ந்து மாறுகிறது: 25 டிகிரியில், பி.எச். 7 என்றால் நூற்றில் ஒரு பங்குகூடக் கொடிய நஞ்சாக இராது. 8 ஆனால் 5 பங்கு நஞ்சாகிவிடும். தம்பிக்கு இந்தக் கணக்கு தாளில் தெரியாது. ஆனால் பி.எச். ஏறிய தொட்டிக்கு அன்றைக்குத் தீனி போடமாட்டார்.

தெருவில் விழும் பாதாம் இலைகளைப் பொறுக்கிக் காயவைத்து, தொட்டிக்கு ஒன்றாகப் போடுகிறார். தண்ணீர் தேயிலை நிறமாகிறது, பி.எச். மெல்ல இறங்குகிறது, இலைமேல் படியும் பாசியை இறால் மேய்கிறது. ஒரு பெண் இறால் வாலுக்கடியில் இருபதுக்கு மேல் முட்டைகளை வைத்துக்கொண்டு, சின்னக் கால்களால் ஓயாமல் விசிறிக்கொண்டிருந்தது. குஞ்சு வெளிவர மூன்று, நான்கு வாரம். அதுவரை அந்தத் தொட்டியை யாரும் தொடக்கூடாது என்று சிவப்பு டேப் ஒட்டியிருந்தார்.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், சென்னையில் குளிர்விப்பான் இல்லாமல் முடியாதது இங்கே ஒரு சின்ன ஃபேனால் முடிகிறது. தண்ணீர்மேல் காற்று அடித்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரையும் பிராணவாயு குறைவதால், ஏப்ரலில் அவருக்குத் தூக்கம் கிடையாது. கரண்ட் போனால் நள்ளிரவிலும் எழுந்து பேட்டரி பம்பை மாட்டவேண்டும்.

2024 கோடையில் போர்வெல்கள் வறண்டு, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அந்த மாதங்களில் டேங்கர் தண்ணீர்தான் வந்தது, லாரிக்கு லாரி வேறு குணத்தோடு. சொல்லும்போது தம்பியின் குரல் இறங்கியது. “நாலு தொட்டி போச்சுண்ணா.” அன்றுமுதல் ஆர்.ஓ. கழித்துத் தள்ளும் நீரையும் வாளியில் பிடித்துத் தரை துடைக்கிறார்.

வருகிறவர்கள் ஒரு இறாலின் விலையைக் கேட்டுப் பேரம் பேசுகிறார்கள். அந்த இரண்டு மணி நேரச் சொட்டுக்கும் ஏப்ரல் இரவுகளுக்கும் யாரும் விலை வைப்பதில்லை. அது நியாயமில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்தத் தண்ணீர், என்ன பி.எச்., எத்தனை டிகிரி என்று முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வீட்டிலும் சொட்டு விடுங்கள். வளர்க்க முடியாமல் போனால் ஏரியில் விட்டுவிடாதீர்கள். வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள்.