வள்ளத்துக்கும் நல்ல தண்ணி!

புது பைக் வாங்கினதும் என்ன பண்ணுவீங்க? ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி ஒரு முறுக்கு முறுக்குவீங்கதானே? நானும் அதைத்தான் பண்ணினேன். ஆனா, எனக்குக் கிடைச்சது பைக் இல்ல... வள்ளம்!

அப்பாவுக்கு முட்டி தேஞ்சுபோக, பி.காம். முடிச்ச கையோட, குமரி மாவட்டக் கரையில நான் ஓனர். மணல்ல வெச்சே அவுட்போர்டு எஞ்சினை உறும விட்டேன். செட்டு மொத்தமும் விசில்!

மறுநாள் விடியக்காலை, கரை விளக்கெல்லாம் புள்ளியா தெரியற தூரத்துல எஞ்சின் சூடேறி நின்னுடுச்சு. பக்கத்து வள்ளம் கயிறு கட்டி இழுத்து வந்தது. மண்ணெண்ணெய்க் காசு தண்டம். மூணு வீட்டுக்கு அன்னிக்கு வருமானம் இல்ல.

மாமா திட்டல. எஞ்சினைக் கழட்டி, பிஞ்சுபோன சின்ன ரப்பர் சக்கரத்தை எடுத்துக் காட்டினார். இம்பெல்லர். கடல் தண்ணியை உறிஞ்சி எஞ்சினைக் குளிர வைக்கிறது அதுதான். தண்ணி இல்லாம சுத்தினா நிமிஷத்துல காலி!

“எஞ்சின் ஓடும்போது பின்னால தண்ணி பீச்சுதான்னு பாரு மக்கா. அது நின்னா, உடனே ஆஃப் பண்ணு.”

இப்பல்லாம் கரைக்கு வந்ததும், டிரம்ல நல்ல தண்ணி நிரப்பி, அதுல எஞ்சினை ஓட விட்டு உப்பைக் கழுவிடுவேன். அப்புறம்தான் எனக்கு டீ!

ஆமா, உங்க பைக் செயினுக்கு கடைசியா எண்ணெய் விட்டது எப்போ பாஸ்?