மஞ்சள் கோடு போட்டால் மண்டையில் ஏறுமா?

காலேஜோடு ஒழிந்தது சனியன் என்று நிம்மதியாக ஆபீஸில் போய்ச் சேர்ந்தால், அங்கே டிபார்ட்மெண்ட் டெஸ்ட் என்று ஒன்று வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கிறது. பாஸ் பண்ணினால்தான் பிரமோஷன். இல்லையென்றால் ரிடையர் ஆகும்வரை அதே நாற்காலி, அதே ஆடுகிற கால்!

திருவல்லிக்கேணி மேன்ஷனில் என்னோடு தங்கியிருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சிக்கு இதுதான் பிரச்னை. இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கோவிந்தா. மூன்றாவதும் போய், அவரிடம் ஃபைல் கட்டக் கற்றுக்கொண்ட பையன் முந்திக்கொண்டால், நாளைக்கு அவனே சூப்பிரண்டெண்ட். "லீவு லெட்டரை அவன்கிட்டயா தம்பி நீட்டணும்?" என்று ராத்திரி லைட்டை அணைத்த பிறகு கேட்பார். நான் தூங்கிவிட்ட மாதிரி இருந்துவிடுவேன். வேறென்ன சொல்ல?

மனிதர் சோம்பேறி இல்லை. விதிப் புத்தகத்தை ஆறு தடவை படித்தவர். முக்கியமான வரிக்கெல்லாம் மஞ்சள் கோடு. போகப் போக, கோடு போடாத வரி எங்கே என்று தேடவேண்டிய நிலைமை! புத்தகத்தைத் திறந்தால் எல்லாம் பழகிய முகம். "இது தெரியும்... இதுவும் தெரியும்..." என்று பக்கத்தைத் தள்ளுவார். மூடிவிட்டுக் கேட்டால் முழிப்பார். ஜன்னலில் ஒரு வல்லாரை மாத்திரை டப்பா வேறு. அதைச் சாப்பிட மறந்துவிடுவார்.

பார்த்ததும் அடையாளம் தெரிவது வேறு, பார்க்காமல் நினைவுக்குக் கொண்டுவருவது வேறு என்கிறார்கள் மனோதத்துவக்காரர்கள். தினமும் ரயிலில் உங்கள் எதிரே உட்காருகிறவரை நூறு பேருக்கு நடுவே கண்டுபிடித்துவிடுவீர்கள். அவருக்கு மீசை உண்டா? வீட்டில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். பரீட்சை ஹாலில் கேட்பது அந்த மீசையைத்தான்.

எபிங்ஹாஸ் என்று ஒரு ஜெர்மானியர். தன்னையே பரிசோதனை எலியாக்கிக்கொண்டு, அர்த்தமே இல்லாத அசைகளை உருப்போட்டு, மறுபடி அதையே படிக்கும்போது உழைப்பு எவ்வளவு மிச்சமாகிறது என்று கணக்குப் பார்த்தார். 1885-ல் புத்தகமாகவும் போட்டார். ஒரு மணி நேரத்திலேயே மிச்சம் பாதிக்குக் கீழே போய்விடுகிறது. ஒரு நாள் கழித்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆனால் ஒரு மாதம் ஆனாலும் ஐந்தில் ஒரு பங்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதாவது, மறதி முதலில் ஓடுகிறது, அப்புறம் நடக்கிறது.

"அப்ப ஜெர்மன்காரனும் மறந்திருக்கான்!" என்று அண்ணாச்சிக்கு ஏக சந்தோஷம்.

அவரை உண்மையில் உலுக்கியது வேறொன்று. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 2006-ல் வெளியிட்ட சோதனை. மாணவர்களுக்குப் பாடம் கொடுத்தார்கள். சிலர் அதையே திரும்பப் படித்தார்கள். சிலர் தாளை மூடிவிட்டு, ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால், திரும்பப் படித்தவர்களுக்கே ஜெயம்: 81 சதவிகிதம், மற்றவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டார்கள். படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56! வில்லங்கம் இங்கேதான். திரும்பத் திரும்பப் படிப்பது அந்த நிமிஷத்துக்கு ஜோராக இருக்கிறது. பரீட்சை அந்த நிமிஷத்தில் நடப்பதில்லையே!

அன்றிலிருந்து மெஸ் சாப்பாடு முடிந்ததும் மொட்டை மாடி. புத்தகம் என் கையில், கேள்வியும் என்னுடையது. இன்று கேட்டதை மூன்று நாள் கழித்து, பிறகு ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்பேன். அண்ணாச்சிக்குக் கோபமான கோபம். "தெரியும்ல, வாயில வரமாட்டேங்கு!" என்று தலையில் அடித்துக்கொள்வார். அந்தத் திண்டாட்டத்துக்குப் பிறகு விடையைப் பார்த்தால், அது லேசில் போவதில்லை. முதல் வாரம் பத்துக்கு மூன்று சொன்னவர், ஒரு மாதத்தில் ஏழு சொன்னார். மஞ்சள் பேனா மேஜையில் காய்ந்து கிடந்தது.

நடுவில் ஒரு கூத்து. தண்ணீருக்கு அடியில் படித்த வார்த்தைகள் தண்ணீருக்கு அடியிலேயே நன்றாக ஞாபகம் வந்தன என்று 1975-ல் முக்குளிப்பவர்களை வைத்து ஒரு சோதனை. தெரியாத்தனமாக அதைச் சொல்லிவிட்டேன். "நான் படுத்துக்கிட்டுல்லா படிக்கேன்! ஹால்ல பாய் போடுவானா?" என்றார். நல்லவேளை, 2021-ல் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அப்படி வித்தியாசம் வரவில்லை. பாய் தப்பியது.

பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி ஃபிளாஸ்க் நிறைய டீயோடு உட்கார்ந்தார். பத்து மணிக்கு நான் லைட்டை அணைத்துவிட்டேன். படித்ததைத் தூக்கம் அவ்வளவாகத் திருடுவதில்லை, விழித்துக்கொண்டு இருப்பதுதான் அதிகம் திருடுகிறது என்று 1924-லேயே பார்த்திருக்கிறார்கள். திட்டிக்கொண்டே தூங்கினார்.

மறுநாள் சாயங்காலம் வந்தார். "ஒரே ஒரு கேள்வி விட்டுட்டேன் தம்பி. நீ செவ்வாய்க்கிழமை மாடில கேட்டதுதான். நீ கேட்டது ஞாபகம் இருக்கு, தொட்டி மேல காக்கா உக்காந்திருந்தது ஞாபகம் இருக்கு... பதில் மட்டும் வரல."

"அந்தப் பையன்?"

"அவனும் அதே ஹால்தான். வெளிய வந்து டீ வாங்கிக் கொடுத்தான். நல்ல பையன்தான்."

ரிசல்ட் இன்னும் வரவில்லை.