குர்துபாவில் ஒரு பகல்



பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் முடிவைக் கண்டு படிப்பினை பெறுமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் நம்மை அழைக்கிறது. சாக்கோட்டையில் நான் சிறுவனாக இருந்த நாள்களில், அத்தா இதைப் பேசத் தொடங்கினால் குர்துபாவின் பெயரைச் சொல்லாமல் முடிக்கமாட்டார். அவர் கண்டிராத அந்நகரைக் காணும் வாய்ப்பை, சென்ற ஆண்டு அல்லாஹ் எனக்கு அளித்தான்.

ஸ்பெயினில் இன்று அதன் பெயர் கோர்தோபா. காரைக்குடியில் ஒரே வகுப்பில் படித்த நாங்கள் மூவர் சென்றோம். ஒருவன் மாட்ரிட்டில் பணிபுரிபவன். மற்றொருவன் கண்டனூர் செட்டியார் வீட்டுப் பிள்ளை. மாட்ரிட்டிலிருந்து இரண்டு மணி நேரத்திற்குள் ரயில் எங்களைக் கொண்டு சேர்த்தது.

முதலில் ரோமானியர் பாலத்தில் நடந்தோம். கீழே ஓடும் ஆற்றின் பெயர் குவாதல்கிவிர். அரபியில் ‘வாதி அல்-கபீர்’, அதாவது பெரிய ஆறு. ஆட்சிகள் மாறியும் ஆறு தன் பழைய பெயரை விடவில்லை.

பாலத்தைக் கடந்தால் பெரிய பள்ளிவாசல். சிரியாவில் தம் குடும்பத்தின் ஆட்சி வீழ்ந்தபோது உயிர் தப்பி வந்த உமையா இளவரசர் அப்துர் ரஹ்மான், 785ஆம் ஆண்டளவில் இதைக் கட்டத் தொடங்கினார். அவருக்குப் பின் வந்தோர் இருநூறு ஆண்டுகள் விரிவுபடுத்தினர். 1236இல் நகரம் கிறிஸ்தவ மன்னர் வசமானதும் இது தேவாலயமாயிற்று. 1523இல் தூண்களின் நடுப்பகுதியைப் பெயர்த்து, அங்கே பெரிய தேவாலயம் ஒன்றை எழுப்பத் தொடங்கினர். இன்றும் எண்ணூற்றுக்கும் மேற்பட்ட தூண்கள் நிற்கின்றன. அவற்றின் மேல் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டடுக்கு வளைவுகள், பார்வை எட்டும்வரை.

கண்டனூர் நண்பன் ஒரு தூணைத் தடவியபடி நெடுநேரம் நின்றான். இத்தூண்களில் பல, பழைய ரோமானியக் கட்டடங்களிலிருந்தும் விசிகோத்தியக் கட்டடங்களிலிருந்தும் எடுத்து வந்தவை என்று நான் சொன்னேன். “எங்க வளவுத் தூணையும் பங்காளிக எல்லாரும் சேர்ந்து வித்துட்டாங்கடா. இப்ப எந்த ஊர் ஓட்டல்ல நிக்குதோ” என்றான். இழப்பு எனக்கு மட்டும் உரியது என்று எண்ணிக்கொண்டு உள்ளே வந்தவன் நான். அச்சொல் என்னைச் சற்று அசைத்தது.

மிஹ்ராபின் முன் வந்தோம். இரண்டாம் ஹகமின் காலத்தில் அமைந்தது. பொன் பதித்த அதன் கண்ணாடிச் சில்லுகள், கான்ஸ்டான்டினோபிளின் கிறிஸ்தவப் பேரரசர் அனுப்பியவை என்று வரலாறு கூறுகிறது. இங்கே முஸ்லிம்கள் தொழ அனுமதியில்லை என்பதை அறிந்தே சென்றிருந்தேன். ஆயினும் அங்கு நின்றபோது நெற்றி தானாகத் தரையைத் தேடியது. கண்கள் கலங்கின. நண்பர்கள் இருவரும் ஒன்றும் பேசாமல் சற்று விலகி நின்றார்கள்.

வெளியே சுண்ணாம்பு பூசிய சந்துகளில் நடந்தோம். கோட்டைச் சுவரருகே இப்னு ருஷ்தின் சிலை இருக்கிறது. 1126இல் இந்நகரில் பிறந்த பேரறிஞர். முதுமையில் அவரை நாடு கடத்தி, அவருடைய மெய்யியல் நூல்களை எரிக்கச் செய்தவர் ஒரு முஸ்லிம் ஆட்சியாளரே. அவருக்குச் சில ஆண்டுகள் பின்னர் இங்கே பிறந்த யூத அறிஞர் மைமோனிடிஸின் குடும்பமும் அதே மரபினரின் நெருக்குதலால் ஊரை விட்டு வெளியேறியது. அத்தா சொன்ன கதைகளில் இப்பகுதி இருந்ததில்லை. படிப்பினை பெறச் சொன்ன இறைவன், நமக்கு இனிப்பதை மட்டும் பார்க்கச் சொல்லவில்லையே.

லுஹர் நேரம் போய்க்கொண்டிருந்தது. ஆற்றங்கரையில் ஒரு மரத்தடியைக் கண்டோம். குடிநீர்ப் புட்டியைச் சாய்த்துக் கண்டனூர் நண்பன் நீர் ஊற்ற, ஒளூச் செய்தேன். மாட்ரிட் நண்பன் கைபேசியில் திசை பார்த்து, “கிழக்கடா, கொஞ்சம் தெற்கே சாய்ஞ்சு” என்றான். ஒரு கணம் தயங்கினேன். பிறந்தது முதல் ஊரில் மேற்கு நோக்கியே நின்றவன் நான். சாக்கோட்டையில் கதிரவன் மறையும் பக்கம் இருக்கும் கஃபா, இங்கே அது உதிக்கும் பக்கத்தில் இருந்தது. பயணிக்குரிய இரண்டு ரக்அத் தொழுதேன். பெரிய பள்ளியில் கிடைக்காத சஜ்தா, புல் தரையில் கிடைத்தது. அல்ஹம்துலில்லாஹ்.

திரும்பும் ரயிலில் ஒரு கேள்வி என்னை விடவில்லை. குர்துபாவில் தொழ முடியாததற்கு அழுதேன். ஊரில், யாரும் தடுக்காத பள்ளிவாசல் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்க, எத்தனை ஃபஜ்ரைத் தூக்கத்திற்குக் கொடுத்திருக்கிறேன்?

ஊர் வந்த மறுநாள் பாங்கு கேட்டதும் எழுந்தேன். மகனையும் எழுப்பினேன். பள்ளியில் முன்வரிசையே நிறையவில்லை. எங்களையும் சேர்த்து எட்டுப் பேர். தொழுகைக்குப் பின், “குர்துபா பள்ளி பெரிசா அத்தா?” என்று கேட்டான். பெரிது என்றேன். “இங்க மாதிரி ஆள் இருக்குமா?” என்றான். அவனுக்கு நான் சொன்ன விடையைவிட, நாளையும் அவனோடு எழுந்து வருவதே சரியான விடை என்று தோன்றியது.

நம் கையிலிருக்கும் பள்ளிகளை நம் தொழுகையால் நிரப்பும் பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.